பேச்சியம்மாளின் வாசல் சோதனையும் தாயில்பட்டி உடன்படிக்கையும்

மதுரையிலிருந்து சிவகாசிக்குப் போய்வந்ததையெல்லாம் ஒரு பயணம் என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். வண்டியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். பின்சீட்டில் இரண்டு நாடுகளின் சிறைச் சாவிகள் இருந்தன. அந்த இருவரும் பூட்டி வைத்திருக்கும் கதவுகளை வரிசையாக நிறுத்தினால் விருதுநகரில் தொடங்கி வடதுருவம் தாண்டி மறுபக்கமாக விருதுநகருக்கே வந்து சேரும். அவர்களுக்கு வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் தலைமை ஆலோசகருமாகப் போனவன் அடியேன். தொழில் காலண்டர் ஆர்டர் பிடிப்பது.

நடந்தது 2007 ஆடி மாதக் கடைசியில். மதுரையில் ஒரு பெரிய ஓட்டலில் பல நாட்டுச் சிறை அதிகாரிகள் கூடி நான்கு நாள் மாநாடு நடத்தினார்கள். என் தங்கை வீட்டுக்காரர் சண்முகவேல் ஒரு சிறையின் கண்காணிப்பாளர். வந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு. மூன்றாம் நாள் ஊர் சுற்றிக் காட்டும் நாள். எல்லாரும் கோயிலுக்கும் மகாலுக்கும் பெயர் கொடுத்தபோது, மாப்பிள்ளை இரண்டு பேரை மட்டும் தனியாகப் பிடித்து, பட்டாசு செய்யும் இடத்தைப் பார்க்காமல் தமிழ்நாட்டை விட்டுப் போவது பாவம் என்று மனத்தைக் கரைத்துவிட்டார்.

ஒருவர் லூசியா அம்மையார். ஒரு தீவு நாட்டின் சிறைத்துறைத் தலைவி. எந்தத் தீவு என்று எழுதினால் மாப்பிள்ளை என்னை உள்ளே போட்டுவிடுவார், அதனால் கடலில் நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஆறடி உயரம்; அவர் வண்டிக்குள் ஏறியதும் வண்டி மரியாதைக்கு ஒரு பக்கம் தலை சாய்த்தது. இன்னொருவர் வருடத்தில் ஒன்பது மாதம் பனி பெய்யும் நாட்டுக்காரர். பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு போதாது. குளிர்நாட்டார் என்றே வைத்துக்கொள்வோம்.

காலை 6.40-க்குக் கிளம்பினோம். டவேரா வண்டி, கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய், டிரைவர் படி நூற்றைம்பது. டிரைவர் சுடலை, சாத்தூர்ப் பக்கத்துக்காரர். எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்று லூசியா அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார்.

“பதினோரு வருசமா ஓட்டுறேன்னு சொல்லுங்கண்ணே” என்றார் சுடலை.

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடிதான் பிறந்தார், பிரசவம் பார்த்த டாக்டர் ஹாரன் சத்தம் கேட்டு ஒதுங்கி நின்றார் என்று மொழிபெயர்த்தேன். அம்மையார் சிரித்தார். முன்சீட்டில் இருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை அவர் சிறைக்குள் உபயோகித்தால் பூட்டே தேவையில்லை.

விருதுநகர் 7.50-க்கு, ஓடோமீட்டர்படி நாற்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளப்பில் இட்லி, பொங்கல், காபி. ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய் ஆனது. குளிர்நாட்டார் பொங்கலில் மிளகைக் கடித்துவிட்டு ஐந்து நிமிடம் நாட்டுப்பற்றோடு கண்ணீர் விட்டார். அவரை அம்மையார் தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மாப்பிள்ளை என்னைக் கை கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“மச்சான், இன்னைக்கு ஒரு காரியமா போறோம். பட்டாசு பாக்க இல்லை.”

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் தாயில்பட்டியிலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் பஸ் ஏறி மாப்பிள்ளையின் சிறை அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். கணவர் வேலைக்கென்று வெளிநாடு போனவர். ஏஜென்ட் கொடுத்த பர்மிட் போலி; அங்கே பிடித்து இரண்டு வருடம் போட்டுவிட்டார்கள். அவர் தவறாமல் கடிதம் எழுதுகிறாராம். விடுதலையாகி ஊர் திரும்பிய ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆனால் அப்போதே நாலு மாதமாக ஒரு கடிதமும் இங்கே வரவில்லை. அதைக் கேட்கத்தான் பேச்சியம்மாள் வந்தார்.

“அது வேற நாட்டு ஜெயில்மா, எனக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாதுன்னேன். அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘ஜெயில்னா எல்லாம் ஒரே டிபார்ட்மென்ட்தான சார். நீங்க அங்கன ஒரு போனைப் போட்டுக் கேளுங்க’ன்னுச்சு. ஆபீஸே சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் மாநாட்டுக்கு ஆளுக லிஸ்ட் வந்துது. அந்த நாட்டுப் பேரு அதுல இருக்கு. சிரிச்சது இப்ப வரைக்கும் உறுத்துது.”

அந்த நாடு எது என்று நான் கேட்கவில்லை. ஆறடி உயரத்தில் அது பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மாநாட்டில் ஒரு விதி உண்டாம். தனிப்பட்ட கைதி யாரைப் பற்றியும் மேடையிலோ மேசையிலோ அதிகாரிகள் பேசக் கூடாது. பேசினால் மாப்பிள்ளைக்கு ஓலை வந்துவிடும். அதனால் அவர் வாயைத் திறக்க மாட்டார். பேச்சியம்மாள் பட்டாசுக் கம்பெனி வாசலில் பெண்களைச் சோதித்து உள்ளே விடும் வேலை பார்க்கிறார், அந்தக் கம்பெனிக்கு நான் வருடா வருடம் காலண்டர் போட்டுக் கொடுப்பவன், அனுமதி வாங்கியாயிற்று. பெரிய அம்மா ஒருவர் வருவார், பேச நேரம் கிடைத்தால் பேசு என்று பேச்சியம்மாளிடமும் சொல்லியாயிற்று.

“நீங்க செய்ய வேண்டியது ஒன்னே ஒன்னு மச்சான். அந்தம்மா என்ன சொல்லுதோ, அதை மட்டும் சொல்லணும். டாக்டரு, ஹாரன்லாம் வேண்டாம்.”

என் கலைக்கு விதிக்கப்பட்ட முதல் ஊரடங்கு அது. சம்மதித்தேன்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு இருபத்தாறு கிலோமீட்டர். வழியில் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் பத்து நிமிடம் நிறுத்தினோம். மழைக்காலத்தில் அது கடல்; அன்றைக்கு ஒரு கொக்கும் நாலு எருமையும் நடுவில் நின்று எல்லைத் தகராறு பேசிக்கொண்டிருந்தன. 9.10-க்குச் சிவகாசி. ஊருக்குள் நுழைந்ததும் அச்சு மையின் வாசம் வந்து வண்டிக்குள் ஏறிக்கொள்ளும். இந்தியாவின் எல்லாச் சுவர்களுக்கும் தேதி கிழித்துக் கொடுக்கும் ஊர் இது, இங்கே ஒரு நாள் மெஷின் நின்றால் நாட்டில் செவ்வாய்க்கிழமையே வராது என்று அம்மையாருக்கு விளக்கினேன். ஊரடங்கு இன்னும் அமலுக்கு வரவில்லை.

அங்கிருந்து வெம்பக்கோட்டை சாலையில் தாயில்பட்டி. கரிசல் காடு, நடுநடுவே வேப்பமரம், வேலிக்குள் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். 9.50-க்குக் கம்பெனி வாசல். தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்தது. உள்ளே வேலை ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் ஆண்களுக்கு ஒரு வாட்ச்மேன், பெண்களுக்குப் பேச்சியம்மாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் நீலச் சட்டை. பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். எங்களைப் பார்த்ததும் சின்னதாகக் கும்பிட்டார். அவ்வளவுதான். பிறகு அவர் வேலையைத் தொடங்கினார்.

செல்போன், சாவி, சில்லறை எல்லாம் வாசலிலேயே ஒரு பெட்டிக்குள் போய்விட வேண்டும். செருப்பு கழற்ற வேண்டும். வாட்ச்மேன் ஆண்களைத் தடவிப் பார்த்ததில் குளிர்நாட்டாரிடம் ஒரு பேனாக்கத்தியும், என்னிடம் பொடி டப்பாவும், மாப்பிள்ளையின் உள்பாக்கெட்டில் ஒரு தீப்பெட்டியும் கிடைத்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் சிகரெட்டை விட்டுவிட்டதாக என் தங்கையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் மாப்பிள்ளை.

“இது எப்பிடி வந்துச்சுன்னே தெரியலை மச்சான்.”

“சிவகாசிக்கு வந்தா தீப்பெட்டி தானா ஒட்டிக்கிடும் மாப்பிள்ளை” என்றேன். அந்த நிமிடத்திலிருந்து அவர் என் கைதி.

சிரிப்பு இங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் பேச்சியம்மாள் லூசியா அம்மையாரின் கோட்டு நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இது பாலியஸ்டரு. இதைப் போட்டுட்டு உள்ள போகக் கூடாதுன்னு சொல்லுங்கண்ணே. உரசுனா பொறி வரும்.”

மாப்பிள்ளையின் முகம் சுண்ணாம்பானது. என் காதோரம் வந்து, “மச்சான், அந்தம்மாகிட்ட காரியம் ஆகணும். இம்புட்டுக் கறாரா இருந்தா எப்பிடி?” என்றார். பேச்சியம்மாள் காதில் அது விழுந்துவிட்டது.

“காரியம் எம்பாடு சார். உள்ள நூத்தம்பது உசுரு இருக்குல்ல.”

போர்மேன் அய்யாச்சாமி ஓடிவந்து, பெரிய இடத்து ஆள், கொஞ்சம் விட்டுக்கொடு என்று சொல்லிப் பார்த்தார். “மொதலாளி சம்சாரம் வந்தப்பவே திருப்பி அனுப்புனவ நான்” என்று அவரையும் திருப்பி அனுப்பினார் பேச்சியம்மாள். பிறகு அம்மையாரைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஆணியில் தொங்கிய பருத்திச் சட்டை ஒன்றும், ஒரு பருத்திக் கைலியும் உள்ளே போயின. நானும் மாப்பிள்ளையும் வெளியே, ஒரு மாநாடே உடையப்போகிறது என்று நின்றோம். குளிர்நாட்டார் மட்டும் வேப்பமரத்தில் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மையார் வெளியே வந்தார். சட்டையின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. ஆனால் கைலியை அவர் கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்து நான் வெட்கத்தில் என் வேட்டியை இறுக்கிக்கொண்டேன். அவர்கள் தீவில் ஆணும் பெண்ணும் விசேஷத்துக்குக் கட்டுவதே இப்படி ஒரு துணிதானாம். கையில் எதையோ உயர்த்திக் காட்டினார். ஒரு கொண்டை ஊசி. இரும்பு.

“முப்பது வருடமாகச் சிறையில் இருக்கிறேன்” என்றார் அம்மையார், அதிகாரியாகத்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். “இத்தனை வருடத்தில் என் காவலர்கள் ஒருவர்கூடக் கொண்டைக்குள் கைவிட்டுப் பார்த்ததில்லை. இந்தப் பெண் பார்த்தாள்.”

கோபம் இல்லை. புதையல் எடுத்தவரின் முகம் அது. மாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது.

உள்ளே நாற்பது நிமிடம் சுற்றினோம். ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் சுவரில் ஒரு செப்புத் தகடு; அதைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத்தான் படியேற வேண்டும். புஸ்வாணக் குழாய்க்குள் மருந்தை இட்டு அடைக்கும் பெண்களின் விரல்கள் போகும் வேகத்தில் எனக்குக் கண் வலித்தது. ஓர் அறைக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் வந்தால் என்ன ஆகும் என்று குளிர்நாட்டார் கேட்டார். “அஞ்சாவது ஆள் உள்ள வந்தா, மொத ஆளா நான் வெளிய ஓடணும்” என்றார் அய்யாச்சாமி. எங்கள் நாட்டிலும் ஓர் அறைக்கு நாலு பேர்தான் விதி, இருப்பது எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டு அம்மையார் அந்த அறைக்குள் இருந்தவர்களை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்.

11 மணிக்குத் திரும்ப வாசலுக்கு வந்தோம். அம்மையார் உடை மாற்றிக்கொண்டு, சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இது யாருடைய சட்டை? துவைத்துத் தர வேண்டாமா?”

மொழிபெயர்த்தேன். மாப்பிள்ளை வேப்பமரத்துப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அணில் பார்க்கும் முறை இப்போது அவருடையது.

“எங்க வீட்டுக்காரரு சட்டை. துவைக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவருக்கு இப்பத் தேவைப்படாது. இவுக ஊருலயே சட்டை குடுத்திருக்காகளாம்.”

இதை அப்படியே சொன்னேன். அம்மையாருக்கு முதலில் புரியவில்லை. எங்கள் ஊர் என்றால், என்று கேட்டார். இவர் கணவர் உங்கள் சிறையில் இருக்கிறார் என்றேன். அம்மையார் கையில் இருந்த சட்டையைக் குனிந்து பார்த்தார்.

பேச்சியம்மாள் விடவில்லை. குரலும் உயரவில்லை. வாசலில் ஆளைச் சோதிக்கும் அதே குரல்தான்.

“அவர் தப்புப் பண்ணாருன்னு போட்டுட்டீக. போடுங்க. நான் அதைக் கேக்கலை. லெட்டரு எழுதுறாரு, ஏழு மாசமா வரலை. சோதனை பண்ணித்தான் அனுப்புவாகன்னு இந்த சார் சொன்னாக. சரி, பண்ணுங்க. நானும் சோதனைதான பண்ணுதேன். ஒங்களைச் சோதிக்க எனக்கு ஒரு நிமிசம் ஆகலை. ஒரு கடுதாசியைச் சோதிக்க ஒங்க ஆளுகளுக்கு ஏழு மாசமா?”

வாசகர்களே, என் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பேச்சை எடை கூட்டாமல், குறைக்காமல் மொழிபெயர்த்தேன். கூட்ட அதில் இடமே இல்லை.

கைதியின் பெயர் என்ன என்று அம்மையார் கேட்டார். கணவர் பெயரைப் பேச்சியம்மாள் வாயால் சொல்ல மாட்டார். அங்கே பல வீடுகளில் அப்படித்தான். அதனால் கைதி எண்ணைச் சொன்னார். நாலு, ஒன்னு, ஏழு, ஏழு, சைபர். தினமும் சொல்லிப் பார்ப்பவர் போலத் தடங்கலே இல்லை. அம்மையார் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

“கடிதங்கள் தொலையவில்லை” என்றார் பிறகு. “எங்களிடம் தமிழ் படிக்கிறவர் யாரும் இல்லை. படிக்க முடியாததை வெளியே அனுப்பக் கூடாது என்று விதி. அப்படிப்பட்டவற்றையெல்லாம் ஓர் அலமாரியில் வைத்திருப்பார்கள்.” குறிப்பேட்டை மூடிக்கொண்டே, “அந்த அலமாரியை நான் பார்த்திருக்கிறேன்” என்றார்.

அணில் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை இரண்டு எட்டில் வந்துவிட்டார். இப்போது கேள்வி பேச்சியம்மாளுடையது, ஆள் பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை. விதி உடையாமல் தப்பியது. என் அலுவலகத்தில் கடிதம் படிக்கவே ஓர் எழுத்தர் இருக்கிறார், நீங்கள் நகல் எடுத்து மெயிலில் அனுப்புங்கள், அவர் படித்து ஆட்சேபம் இல்லை என்று மறுநாளே பதில் போடுவார் என்றார். உங்கள் மொழி பேசும் கைதிகள் யாராவது எங்களிடம் இருந்தால் அவர்கள் கடிதத்தை நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். குளிர்நாட்டாரும் திடீரென்று விழித்துக்கொண்டு, எங்களிடமும் இப்படி ஓர் அலமாரி உண்டு என்றார்.

எழுதக் காகிதம் இல்லை. வாட்ச்மேன் தன் அறையில் தொங்கிய தினக் காலண்டரில் கிழித்து வைத்திருந்த பழைய தாள்களைக் கொடுத்தார். நான் போட்டுக் கொடுத்த காலண்டர்தான். அதன் முதுகில் ஐந்து வரி, மூன்று கையெழுத்து. உலக வரலாற்றில் இதற்குத் தாயில்பட்டி உடன்படிக்கை என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கடைசி நாள் மாநாட்டுத் தீர்மானத்தில், பிறமொழிக் கடிதங்களைப் படிக்க உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. நான்கு நாள் பேச்சில் அந்த ஒரு வரிக்குத்தான் எல்லாரும் மேசையைத் தட்டினார்களாம்.

கிளம்பும்போது பேச்சியம்மாள் அம்மையாரிடம் கொண்டை ஊசியைத் திருப்பிக் கொடுத்தார். “உள்ள போறப்ப மட்டுந்தான் கூடாது. இப்பச் சொருகிக்கிடுங்க” என்றார். அம்மையார் அதை வாங்கிக்கொண்டு, மடித்த சட்டையை இரண்டு கையாலும் கொடுத்தார்.

மாலை விருதுநகரில் நிறுத்தி எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டோம். குளிர்நாட்டார் பதினொன்று சாப்பிட்டார். பன்னிரண்டாவதைக் கேட்டபோது பரோட்டா மாஸ்டர் கல்லைவிட்டு இறங்கி வந்து கை குலுக்கினார். இதில் மிகை எதுவும் இல்லை, சுடலையைக் கேளுங்கள். தீப்பெட்டியைப் பற்றி நான் வாய் திறக்காமல் இருக்க மாப்பிள்ளை அடுத்த தீபாவளிக்கு எனக்கு ஒரு பெட்டி லட்சுமி வெடி ஒப்புக்கொண்டார். அது இன்னொரு உடன்படிக்கை.

இனி நீங்கள் போகிறீர்கள் என்றால்: மதுரையிலிருந்து பஸ்ஸில் விருதுநகர் ஒன்றே கால் மணி நேரம், அங்கிருந்து சிவகாசி முக்கால் மணி நேரம். பரோட்டாவுக்காகவே போகிறவர்கள் மாலை ஆறுக்கு மேல் போங்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் சுற்றுலாப் பயணிகளை விட மாட்டார்கள், கெஞ்சாதீர்கள். எங்களுக்கு அனுமதி கிடைத்தது இரண்டு நாட்டு அரசாங்கமும் என் காலண்டரும் சேர்ந்து செய்த வேலை. கடைத்தெருவில் வாங்கிப் பாருங்கள், போதும். எந்தக் காரணத்தாலாவது உள்ளே போக நேர்ந்தால் பருத்தி கட்டுங்கள், தலையை அவிழ்த்துக் காட்டச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

ஐந்து வாரம் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். பதினான்கு கடிதங்கள் ஒரே கட்டாகத் தாயில்பட்டிக்கு வந்துவிட்டன. முதல் கடிதத்தில் இருந்த கேள்வி, கூரைக்குத் தகரம் மாற்றியாச்சா என்பது. மாற்றி, ஒரு மழையும் நனைந்து முடிந்துவிட்டது. பேச்சியம்மாள் பதினான்குக்கும் வரிசைப்படி பதில் எழுதிக்கொண்டிருக்கிறாராம். தினமும் அவர்கள் வீட்டு ஆடு, தகரம், மைத்துனன் சண்டை எல்லாவற்றையும் படித்துப் படித்து, மாப்பிள்ளையின் எழுத்தர் அந்தக் குடும்பத்தில் ஓர் ஆளாகவே ஆகிவிட்டார்.

கூடவே அம்மையார் மெயிலில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். அந்த அலமாரி, காலியாக. மாப்பிள்ளை அதை அச்செடுத்துப் பேச்சியம்மாளிடம் காட்டினார். அந்தம்மா படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

“மேல் தட்டுல, உள்ளார கையை விட்டுத் தடவிப் பாத்தாகளா?”

மாப்பிள்ளை சிரித்தார். இந்த முறை சிரித்ததோடு நிற்காமல் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. மேல் தட்டில், பலகைக்கும் சுவருக்கும் நடுவில், பதினைந்தாவது கடிதம் இருந்தது.